அளவு தெரியாத மருந்து
செடிகளிலிருந்து மயக்கப் பொருள்களை வீட்டில் பிரித்தெடுப்பதால் வரும் ஆபத்துகள்

ஊமத்தையை அறியாதவர் நமது கிராமங்களில் இல்லை. வீதியோரம், குப்பைமேடு, பாழ்வளவு, மாட்டுப்பட்டி என்று எங்கும் யாரும் நடாமலே முளைத்து வளர்கிறது. குழல்போல நீண்ட பூவும், முள் நிறைந்த உருண்டைக் காயும் அதன் அடையாளங்கள். ஆடுமாடுகள் பொதுவாக அதில் வாய் வைப்பதில்லை. "உன்மத்தம்" என்றால் பித்து. அந்தச் சொல்லோடு உறவுடையதுதான் "ஊமத்தை" என்ற பெயர். அதைத் தின்றவனுக்கு என்ன நேரும் என்பதை நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

பெயர் சொல்லும் எச்சரிக்கையை இன்று பலர் கேட்பதில்லை. செடிகள், காளான்கள், கள்ளியினங்கள் ஆகியவற்றில் மனத்தை மயக்கும் பொருள்கள் உண்டு என்றும், அவற்றை வீட்டிலேயே பிரித்தெடுக்கலாம் என்றும் கைத்தொலைபேசி வழியாக இளைஞர்கள் அறிந்துகொள்கிறார்கள். அங்கே காட்டப்படுபவை சமையற் குறிப்புப்போல இலகுவாகத் தோன்றுகின்றன. "இயற்கையானதுதானே, என்ன செய்யப் போகிறது?" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் கட்டுரை எப்படிச் செய்வது என்பதைச் சொல்லாது. ஏன் செய்யக் கூடாது, யாராவது செய்து ஆபத்தில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்யவேண்டும் என்பவற்றையே விளக்குகிறது. பெற்றோர், ஆசிரியர், இளைஞர் கழகத்தார், கிராமத்து முதலுதவித் தொண்டர் ஆகிய எல்லோரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது.

செடிக்குள் இருப்பது என்ன?

செடிக்கு ஓட முடியாது. கடிக்க வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராக அது தன் உடலுக்குள்ளேயே கசப்பான இரசாயனப் பொருள்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. இவற்றில் ஒரு பெரும் பகுதிக்கு அற்கலோயிட்டுகள் என்று பெயர். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபேன், புகையிலையில் உள்ள நிக்கொற்றீன், சிங்கோனாப் பட்டையிலிருந்து மலேரியாக் காய்ச்சலுக்கு எடுத்த குயினைன், அபினில் உள்ள மோர்பீன் ஆகியவை எல்லாம் இந்த இனத்தவை. ஊமத்தையில் உள்ளவை அற்றோப்பீன், ஸ்கொபொலமீன் முதலியன.

வேறு நாடுகளில் வேறு செடிகள் உண்டு. மெக்சிக்கோ நாட்டின் பெயோற்றிக் கள்ளியில் மெஸ்கலீன் உள்ளது. சில காளான்களில் சிலோசைபின் உள்ளது. அமேசன் காட்டு மக்கள் ஒரு கொடியையும் வேறொரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சும் அயவாஸ்கா என்ற பானத்தில் டி.எம்.ரி. என்ற பொருள் உள்ளது. அந்த மக்கள் இவற்றைத் தங்கள் சடங்குகளில், பல ஆண்டு பயின்ற பெரியவர்களின் மேற்பார்வையில், உணவுக் கட்டுப்பாடுகளோடு பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தனியறையில் ஒரு சட்டியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை.

செடியிலிருந்து வீரியப் பொருளைத் தனியே பிரித்தெடுக்கும் வேலையை முதலில் செய்தவர்களில் ஒருவர் ஜேர்மனி நாட்டு மருந்தாளர் பிரீட்றிக் சேற்றூர்ணர். அபினிலிருந்து மோர்பீனைப் பிரித்தெடுத்தவர் அவரே. 1817ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், தானும் மூன்று இளைஞர்களும் அந்தப் பொருளைக் குறுகிய நேரத்தில் மும்முறை உட்கொண்டு பார்த்ததை எழுதியுள்ளார். நால்வருக்கும் நஞ்சேறிவிட்டது. காடி குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார்கள். மருந்துச் சாலையில் பயின்ற ஒருவருக்கே முதல் அளவு தவறியது. இந்த வரலாற்றின் முதல் பாடம் அதுதான்.

அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது

அற்றோப்பீனுக்கு நமது நாட்டு வைத்தியசாலைகளில் ஒரு தனி இடம் உண்டு. வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினிகளில் ஓகனோபொஸ்பேற்று என்ற ஒரு வகை இருக்கிறது. அதனால் நஞ்சேறியவருக்கு வாயில் எச்சில் வழியும், வியர்த்து ஊற்றும், கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு முட்டும். அப்போது வைத்தியர் ஏற்றும் மாற்றுமருந்து அற்றோப்பீன். அது எச்சிலையும் சளியையும் வற்றச் செய்து மூச்சுக்கு வழிவிடுகிறது. இப்படிக் காப்பாற்றப்பட்ட விவசாயிகள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள்.

அந்த மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு மில்லிலீற்றரில் 0.6 மில்லிகிராம் கொண்ட சிறு கண்ணாடிக் குப்பிகளில் அது வருகிறது. ஒரு கிராம் என்பது எத்தனை சிறியது என்பது நகைக்கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு கிராமை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லிகிராம். வைத்தியர் கொடுத்துவிட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, கண்மணி, நெஞ்சுச் சத்தம், வியர்வை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே அடுத்த அளவைத் தீர்மானிக்கிறார். அளவு மிஞ்சினால் நோயாளி காய்ச்சல் கண்டு பிதற்றத் தொடங்குவார். உடனே மருந்தைக் குறைப்பார்கள்.

இனி ஊமத்தைக்கு வருவோம். ஒரே வேலியில் நிற்கும் இரண்டு செடிகளில் இந்தப் பொருள் ஒரே அளவில் இராது. ஒரே செடியிலும் இலையில் ஒரு அளவு, வித்தில் ஒரு அளவு, வேரில் ஒரு அளவு. செடியின் வயது, மண், மழை, வெயில் ஆகியவற்றுக்கு ஏற்பவும் மாறும். பலமடங்கு வித்தியாசம் வரலாம். சென்ற முறை ஒருவன் குடித்துத் தப்பிய அளவு இந்த முறை அவனைக் கொல்லலாம். எந்தக் கண்ணாலும், நாக்காலும், மூக்காலும் இந்த வித்தியாசத்தை அறிய முடியாது.

"கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும்" என்று நம்புவோரும் உளர். ஊமத்தை விடயத்தில் இது முற்றிலும் பிழை. 1676ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட பிரித்தானியப் படைவீரர் சிலர், ஜேம்ஸ்ரவுண் என்ற இடத்தில் ஊமத்தையின் இளம் இலைகளைப் பறித்துக் கீரைபோல அவித்துச் சாப்பிட்டார்கள். பதினொரு நாள் பித்தர்களாய் இருந்தார்கள் என்று 1705இல் வெளியான வேர்ஜீனியா வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. ஒருவர் இறகை ஊதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அந்த இறகின்மீது வைக்கோல் துரும்புகளை எறிந்துகொண்டிருந்தார். தங்களுக்கே தீங்கு செய்துவிடாமல் அவர்களை அடைத்து வைக்கவேண்டியிருந்தது. தெளிந்தபின் நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவில்லை. அமெரிக்காவில் இன்றும் அந்தச் செடிக்கு வழங்கும் பெயர் அந்த ஊரின் பெயரிலிருந்தே வந்தது.

பிரித்தெடுத்தால் என்ன மாறுகிறது?

பனங்கள்ளையும் சாராயத்தையும் எண்ணிப் பாருங்கள். கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு. அதை வடித்த சாராயத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல். ஒரு போத்தல் கள்ளுக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வருபவர், அதே வேகத்தில் ஒரு போத்தல் சாராயத்தைக் குடித்தால் வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். பிரித்தெடுத்தல் என்பது இதைப்போன்றது. ஒரு கூடை இலையில் பரவிக் கிடந்த வீரியம் ஒரு தேக்கரண்டிக்குள் ஒடுங்கிவிடுகிறது.

இலையாகத் தின்றால் கசப்பும் குமட்டலும் பெரும்பாலும் தடுத்துவிடும். வயிறு நிறைந்துவிடும். இவை உடல் தனக்கு வைத்த வேலிகள். பிரித்தெடுத்த பொருளுக்கு இந்த வேலிகள் இல்லை. ஒரு சிறு தவறு பெரும் தவறாகிவிடுகிறது.

இதில் மிகவும் பேசப்படும் சம்பவம் சுவிற்சர்லாந்தில் பாசெல் நகரில் 1943ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி நடந்தது. அல்பேட் ஹொவ்மன் என்ற இரசாயனவியலாளர், தானியக் கதிரில் வளரும் எர்கொற் என்ற பூஞ்சணத்தின் பொருள்களிலிருந்து தான் தயாரித்த எல்.எஸ்.டி. என்ற பொருளைத் தானே உட்கொண்டார். ஆகச் சிறிய அளவு என்று எண்ணி அவர் எடுத்தது 0.25 மில்லிகிராம். உண்மையில் அது தேவையானதைவிடப் பலமடங்கு. சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அறையில் இருந்த தளபாடங்கள் அசைந்தன. பால் கொண்டுவந்த அயல்வீட்டுப் பெண் சூனியக்காரியாகத் தெரிந்தாள். தான் சாகப் போவதாக நினைத்தார். அவருக்குப் பக்கத்தில் உதவியாளர் இருந்தார், வைத்தியர் வந்தார், உட்கொண்ட பொருள் தூய்மையானது, அளவு எழுதப்பட்டிருந்தது. இத்தனையும் இருந்தும் அப்படி. இவற்றில் ஒன்றேனும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக் குசினியில் காத்திருக்கும் ஐந்து ஆபத்துகள்

1. செடி மாறிப்போதல்

படத்தைப் பார்த்துச் செடியையோ காளானையோ பிடுங்குவது ஆபத்து. ஒன்றைப்போல ஒன்று இருக்கும். கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று எண்ணி அவித்துத் தின்று மாண்டவர்கள் நம் நாட்டில் உண்டு. அதிலுள்ள கொல்ச்சிசீன் கொடிய நஞ்சு. காளான்களில் சில, தின்ற அன்று சிறிது வாந்தியோடு விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து ஈரலைச் சிதைத்துக் கொல்பவை. தவறான செடியிலிருந்து வீரியத்தை ஒடுக்கி எடுத்தால், ஒடுக்கி எடுக்கப்படுவது நஞ்சுதான்.

2. தீ

செடியிலிருந்து பொருளைப் பிரிக்க எளிதில் ஆவியாகும் கரைப்பான்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். பெற்றோல், தின்னர், மதுசாரம், எரிவாயு போன்றவை இவ்வகையின. மண்ணெண்ணெய் ஒரு பாத்திரத்தில் இருந்தால் பக்கத்தில் அடுப்பு எரிவதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு பெற்றோலையோ தின்னரையோ கையாளுவது உயிராபத்து. மண்ணெண்ணெயில் தீப்பற்றக்கூடிய ஆவி எழுவதற்கு அது 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவேண்டும். பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் அந்த ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். நமது வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இந்த ஆவிகள் காற்றைவிடப் பாரமானவை. மேலே எழுந்து போய்விடாமல் நிலத்தோடு ஊர்ந்து, கதவிடுக்கால் அடுத்த அறைக்குப் போகும். அங்கே ஒரு குப்பிவிளக்கோ, கொசுவர்த்தியோ, மின்னாளியின் சிறு பொறியோ போதும். தீ திரும்பி ஓடிவந்து பாத்திரத்தைப் பிடிக்கும். மணம் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று யன்னல்களையும் பூட்டிக்கொள்கிறார்கள். அதனால் ஆவி அறைக்குள்ளேயே நிறைகிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2014 ஜனவரி 1 முதல் கஞ்சாவைக் கடைகளில் விற்க அனுமதித்தது. அதே ஆண்டில் கஞ்சாவிலிருந்து எரிவாயு கொண்டு எண்ணெய் இறக்கப் போய் வீடுகளில் நேர்ந்த வெடிப்புகள் 30க்கு மேல் அங்கு பதிவாகின. முகமும் கைகளும் கருகியவர்கள் பலர். பக்கத்து அறையில் இருந்தவர்களும் எரிந்தார்கள். கஞ்சாவை அனுமதித்த அந்த மாநிலமே 2015இல், அனுமதிப்பத்திரம் இல்லாதோர் தீப்பற்றும் கரைப்பான்களால் இதனைச் செய்வதைச் சட்டத்தால் தடுத்தது. வீட்டுக்குள் எரிவாயு தேங்கினால் என்ன ஆகும் என்பதை 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நம் நாட்டுக் குசினிகளும் கண்டன.

3. காரமும் அமிலமும்

சவர்க்காரம் செய்யும் மகளிர் குழுக்களுக்குக் கோஸ்டிக் சோடாவைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கையுறையும் கண்ணாடியும் வேண்டும், பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது என்று பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் வழுவழுப்பாக இருக்கும். உடனே பெரிதாக நோகாது. அதற்குள் தசையைக் கரைத்து உள்ளே இறங்கிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

வீட்டில் இரகசியமாகப் பிரித்தெடுப்போர் இதே சோடாவையும், சிலவேளை பற்றரி அமிலத்தையும் கையாளுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி இல்லை. இரவில், மறைவில், அவசரத்தில் செய்கிறார்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிறார்கள். காலையில் தாகத்தோடு வரும் தம்பிப்பிள்ளை அதை எடுத்துக் குடித்தால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிடும். பிழைத்தாலும், சோறு விழுங்க முடியாமல் பல ஆண்டு சத்திரசிகிச்சைகளோடு வாழவேண்டிவரும்.

4. எஞ்சி நிற்கும் நஞ்சு

கடையில் வாங்கும் கரைப்பான்கள் குடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தின்னரிலும் பெற்றோலிலும் பலவகைப் பொருள்கள் கலந்துள்ளன. பெற்றோலில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். விளக்குக்குப் பாவிக்கும் மெதலேற்றட் ஸ்பிரிற்றில் மெதனோல் இருக்கிறது. அது உடலுக்குள் போமிக்கமிலமாக மாறி, கண்ணின் நரம்பை எரித்துக் குருடாக்கும், உயிரையும் எடுக்கும். 2020ஆம் ஆண்டில், கொரோனாத் தொற்றைத் தடுக்கும் என்ற வதந்தியை நம்பி ஈரான் நாட்டில் மெதனோல் கலந்த மதுசாரத்தைக் குடித்துப் பல நூறு பேர் இறந்தார்கள்.

"ஆவியாக்கிவிட்டால் எல்லாம் போய்விடும்" என்பது வீண் நம்பிக்கை. பசைபோன்ற சாற்றுக்குள் கரைப்பான் சிக்கி நிற்கும். அதிலுள்ள ஆவியாகாத பகுதிகள் மேலும் செறிவடையும். மருந்துத் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு தொகுதியிலும் எஞ்சிய கரைப்பான் எவ்வளவு என்பதைக் கருவியால் அளந்து, வரம்புக்கு மேலிருந்தால் தொகுதியையே கழித்துவிடுவார்கள். வீட்டில் அந்தக் கருவி இல்லை. சாறு தெளிவாக இருக்கிறது என்பது அது தூய்மையானது என்பதற்குச் சான்றாகாது.

5. வேறு மருந்துகளோடு மோதுதல்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வைத்தியசாலைக் கிளினிக்கில் மாத்திரை எடுப்போர் இன்று நம்மிடையே பலர். போரையும் சுனாமியையும் கடந்த மக்களிடம் இது வெட்கப்படவேண்டிய விடயம் அல்ல. ஆனால் அயவாஸ்கா போன்றவற்றில் உள்ள கொடியின் சத்து, உடலில் சில பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதியத்தை நிறுத்திவிடும். அந்நேரத்தில் மனச்சோர்வு மாத்திரைகளும் உடலில் இருந்தால், காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, வலிப்பு என்று ஏறி மரணமும் நேரலாம். இருதய நோயாளருக்கும் இரத்த அழுத்தம் உடையவருக்கும் ஆபத்து அதிகம். தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ கடும் மனநோய் இருந்தவர்களுக்கு, ஒரே ஒரு தடவை எடுத்ததும் அந்நோய் வெளிப்படக் காரணமாகலாம்.

"வெளிநாட்டு வைத்தியசாலைகளில் இதைக் கொடுக்கிறார்களாமே?"

இளைஞர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. பொய்யான பதிலைச் சொன்னால் மற்றவற்றையும் நம்பமாட்டார்கள். ஆகவே உள்ளதைச் சொல்லுவோம். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல்கலைக்கழகங்கள், சிலோசைபின் என்ற காளான் பொருள் கடும் மனச்சோர்வுக்கு உதவுமா என்று ஆராய்ந்து வருகின்றன. அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், மற்றைய சிகிச்சைகளால் குணமாகாத சிலருக்கு அதனைக் கொடுக்க, அனுமதி பெற்ற உளவைத்தியர்களுக்கு வழி செய்யப்பட்டது.

ஆனால் அங்கே கொடுப்பது என்ன? மில்லிகிராம் கணக்கில் அளந்து அடைத்த தூய குளிகை. கொடுப்பதற்கு முன் இருதயம், இரத்த அழுத்தம், குடும்ப நோய் வரலாறு, எடுக்கும் மாத்திரைகள் எல்லாம் விசாரிக்கப்படும். பலரை அந்தக் கட்டத்திலேயே விலக்கிவிடுவார்கள். கொடுத்த நாள் முழுவதும் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். பின்னரும் பல தடவை சந்தித்துப் பேசுவார்கள். இதற்கும் வளவுக்குப் பின்னால் சட்டியில் காய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசம், சத்திரசிகிச்சைக் கத்திக்கும் தெருச் சண்டைக் கத்திக்கும் உள்ள வித்தியாசமே. இரண்டும் கத்திதான்.

நாட்டு வைத்தியத்தையும் இதனோடு குழப்பக் கூடாது. ஊமத்தையின் இலைச்சாறு சேர்ந்த மத்தன் தைலத்தைப் புண்ணுக்கு மேற்பூச்சாகப் பரியாரிமார் கொடுத்து வந்திருக்கிறார்கள். அது வெளியே பூசுவது. சேர்மானமும் முறையும் தெரிந்தவர் செய்வது. பரியாரியார் செய்கிறார் என்பது நாம் குடிக்கலாம் என்பதற்கு அனுமதி ஆகாது.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. நம் நாட்டில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. கஞ்சா முதலியவற்றை அனுமதியின்றி வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஒரு இரவின் விளையாட்டு ஒரு பிள்ளையின் படிப்பையும் தொழிலையும் வெளிநாட்டுப் பயணத்தையும் அழித்துவிடலாம்.

ஊமத்தை நஞ்சேறியவரை அடையாளம் காணல்

நம் ஊர்களில் நேரக்கூடியது பெரும்பாலும் ஊமத்தை நஞ்சே என்பதால் அதன் அறிகுறிகளைத் தனியே தருகிறோம். பூச்சிமருந்து நஞ்சுக்கு இது நேர் எதிரானது.

வாயும் தொண்டையும் வறண்டு, பேச்சுக் குழறும். தோல் சிவந்து, சூடாகி, வியர்வை இல்லாமல் காய்ந்திருக்கும். கண்மணி அகல விரிந்து வெளிச்சம் கூசும். நாடி வேகமாக அடிக்கும். அடிவயிறு வீங்கினாலும் சிறுநீர் போகாது. இல்லாத ஆட்களோடு பேசுவார். காற்றில் எதையோ பிடுங்குவார். உடுப்பைக் களைவார். பயந்து ஓடுவார். கிணற்றிலும் குளத்திலும் வீதியிலும் விழுந்து சாவதும் இதனால்தான்.

இந்நஞ்சு குடலின் அசைவை மந்தமாக்குவதால் உள்ளே கிடந்து மெதுவாக இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். "ஒரு மணித்தியாலம் ஆகியும் ஒன்றும் செய்யவில்லை" என்று இன்னும் கொஞ்சம் குடிப்பவர்கள் இதனாலேயே கெடுகிறார்கள். பிதற்றல் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். கண்மணி விரிவு பல நாள் இருக்கலாம்.

இந்த நிலையில் ஒருவரைக் கண்டதும் "பேய் பிடித்துவிட்டது" என்று வேப்பிலை அடிக்கவும் கட்டிப்போடவும் தொடங்குவது நம்மிடையே உள்ள கொடிய பழக்கம். கட்டிப்போட்டால் அவர் திமிறத் திமிற உடற்சூடு மேலும் ஏறும். அந்தச் சூடே அவரைக் கொல்லும். திடீரெனப் பிதற்றும் எவருக்கும், முதலில் நஞ்சோ காய்ச்சலோ என்று பார்ப்பதே அறிவு.

உடனே செய்யவேண்டியவை

நஞ்சு உட்கொண்டவருக்கு: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்சை வரவழையுங்கள். அழைப்புக்கும் வண்டிக்கும் கட்டணம் இல்லை. வண்டி வருமட்டும் அமைதியான, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, பழக்கமான ஒருவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கட்டும். உடல் சுட்டால் ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். மயங்கினால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். தனியே விடவேண்டாம்.

உப்புக் கரைசல், புளி, முட்டை எதையும் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம். தின்னர், பெற்றோல், மண்ணெண்ணெய் குடித்தவருக்கு வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்ச் சளிச்சுரத்தை உண்டாக்கும். கோஸ்டிக் சோடா குடித்தவருக்கு ஏறும்போது மறுபடியும் சுடும்.

காரமோ அமிலமோ பட்டவருக்கு: உடுப்பைக் களைந்து, ஓடும் தண்ணீரால் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து அதேபோலக் கழுவி, பின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காரத்துக்கு மாற்றாகப் புளியோ வினாகிரியோ ஊற்றவேண்டாம்.

எரிகாயத்துக்கு: உடலில் தீப்பற்றினால் நிலத்தில் உருளச் செய்து, தடித்த பருத்தித் துணியால் அணையுங்கள். பின் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் பூசவேண்டாம். தீப்பற்றிய எண்ணெய்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம். முடிந்தால் மூடியால் மூடிவிட்டு வெளியே ஓடுங்கள்.

வைத்தியருக்கு உண்மையைச் சொல்லுங்கள்: எந்தச் செடி, எப்போது, எவ்வளவு, எதில் கரைத்தது, வேறு என்ன மாத்திரை எடுப்பவர் என்பவற்றை மறைக்காதீர்கள். செடியின் ஒரு கிளையையும் மிஞ்சிய சாற்றையும் மூடிக் கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் உண்டு. கிராமத்து வைத்தியரும் தொலைபேசியில் அதன் ஆலோசனையைப் பெறலாம். மானத்துக்குப் பயந்து மறைத்த அரைமணி நேரத்தில் உயிர் போய்விடலாம். போன உயிரை மானம் திருப்பித் தராது.

வீட்டிலும் ஊரிலும்

பிள்ளையின் அறையில் தின்னர் மணம், காரணமில்லாமல் வாங்கிய கோஸ்டிக் சோடா, குசினியிலிருந்து மறைந்த வடிகள், கைகளில் விளக்கம் சொல்லாத தீக்காயம் ஆகியவற்றைக் கண்டால் கேளுங்கள். தடியோடு கேட்டால் அடுத்த முறை இன்னும் மறைவான இடத்துக்குப் போவான். தனிமையில் செய்யும்போதுதான் சாவு அதிகம். "இதைச் செய்தாயா?" என்பதற்கு முன் "உனக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்கலாம். வேலையின்மை, நித்திரையின்மை, இழப்பு, காதல் தோல்வி, சும்மா ஒரு ஆர்வம் என்று காரணம் பலவாக இருக்கும். ஆர்வம் என்றால் விளக்கம் போதும். வேதனை என்றால் கிளினிக்குக்கும் ஆலோசகரிடமும் கூட்டிச் செல்லவேண்டும்.

இரசாயனப் பொருள்களை ஒருபோதும் குடிபானப் போத்தல்களில் வைக்கவேண்டாம். பாடசாலைக்கும் பாலர் வகுப்புக்கும் அருகில் நிற்கும் ஊமத்தைச் செடிகளைக் காய் வெடிக்கும் முன் கையுறையோடு பிடுங்கிப் புதையுங்கள். பிடுங்கிய கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

ஊமத்தை நமக்குப் பகையல்ல. அதிலுள்ள பொருள் அளவோடு வைத்தியரின் கையில் இருந்தபோது பூச்சிமருந்து குடித்த எத்தனையோ உயிர்களை மீட்டிருக்கிறது. அளவு தெரியாத கையில் அது பதினொரு நாள் பித்தாகவும் ஒரு இரவில் மரணமாகவும் மாறுகிறது. செடி ஒன்றுதான். அளக்கத் தெரிந்தவர் யார், அளக்க முடியாதவர் யார் என்பதே கேள்வி.

குழுவில் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் எந்தெந்த நச்சுச் செடிகள் உள்ளன? பிள்ளைகளுக்கு அவற்றை அடையாளம் காட்டியிருக்கிறோமா?
2. திடீரெனப் பிதற்றும் ஒருவரைக் கண்டால் நம் ஊரார் முதலில் என்ன செய்கிறார்கள்? அதை எப்படி மாற்றலாம்?
3. இரவில் ஒருவருக்கு நஞ்சேறினால் வண்டிக்கு வழிகாட்டவும் கூடச் செல்லவும் நம் ஊரில் யார் ஆயத்தமாக இருக்கிறார்கள்?
4. நமது வீடுகளில் மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, கோஸ்டிக் சோடா ஆகியவை எந்தப் போத்தலில், எந்த உயரத்தில் வைக்கப்பட்டுள்ளன? இன்றே போய்ப் பார்ப்போமா?